உள்ளது உள்ளபடி

அமெரிக்காவில் பழைய கார் விற்கும் கடைகளில் ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். 1985 மே மாதம் முதல் நடப்பில் இருந்துவரும் மத்திய அரசின் விதி அது. அந்தத் தாளில் முக்கியமாக இரண்டு கட்டங்கள். ஒன்றில் குறியிட்டால் கடைக்காரர் உத்தரவாதம் தருகிறார் என்று பொருள். மற்றொன்றில் குறியிட்டால், 'உள்ளது உள்ளபடி. உத்தரவாதம் இல்லை' என்று பொருள். சில மாநிலங்கள் மட்டும் இந்த இரண்டாவது முறையைத் தடுத்துள்ளன. மற்ற இடங்களில், கடை வாசலைத் தாண்டி முதல் திருப்பத்திலேயே கார் நின்றுபோனாலும் செலவு வாங்கியவர் தலையில்தான்.

தமிழில் 'உள்ளதை உள்ளபடி சொல்' என்றால் எதையும் மறைக்காதே என்பதுதான் பொருள். அந்தத் தாளிலோ, நான் எதையும் சொல்லப் போவதில்லை என்பதற்கு அதே சொற்கள் வந்து நிற்கின்றன.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் 1981-இல் முதலில் வகுத்த விதியில், டீலர் தமக்குத் தெரிந்த பெரிய குறைகளை அந்தத் தாளில் எழுதியே ஆகவேண்டும் என்றிருந்தது. தெரியாததைத் தேடிக் கண்டுபிடித்து எழுது என்றல்ல; தெரிந்ததை எழுது என்று மட்டும்தான். டீலர்களின் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 1982 மே மாதம் காங்கிரஸின் இரு சபைகளும் அந்த விதியை ரத்துச் செய்து வாக்களித்தன. அவ்விதம் ரத்துச் செய்யும் அதிகாரம் சபைகளுக்கு இல்லை என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஆயினும் 1984 இறுதியில் ஆணையம் விதியைத் திருத்தி வெளியிட்டபோது, தெரிந்த குறையைச் சொல்ல வேண்டும் என்ற அந்தப் பகுதியை ஆணையமே நீக்கிவிட்டது. ஆகவே, மத்திய விதியைப் பொறுத்தவரை பொய் சொன்னால் குற்றம். வாயை மூடிக்கொண்டிருந்தால் குற்றமில்லை.

இங்கேதான் மார்க்கத்தை அறிந்த ஒருவருக்குக் கேள்வி எழுகிறது. பொய் எதுவும் சொல்லவில்லை. வாங்குபவரும் மனம் ஒப்பியே விலை கொடுத்தார். ஆனால் தெரிந்த குறையை விற்றவர் சொல்லவில்லை. அந்தப் பணம் ஹலாலா?

இக்கேள்வியைச் சாதாரணக் கார்களை வைத்தும் கேட்கலாம். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் வியாபாரத்தில் இது பூதக்கண்ணாடி வைத்தாற்போல் பெரிதாகத் தெரிகிறது. இரண்டே இருக்கை, தரையோடு தரையாகத் தாழ்ந்த உடல், காது கிழியும் சத்தம். பிள்ளை குட்டிகளோடு நிக்காஹ் வீட்டுக்குப் போக உதவாத வண்டி. நம் இல்லங்களில் அதற்கு வேலையில்லை என்பது மெய்தான். என்றாலும் அக்காலத்து அரபியருக்கு உயர்சாதிக் குதிரையும் நடைக்குப் பேர்போன ஒட்டகமும் எப்படியோ, இன்றைய செல்வர்களுக்கு இந்தக் கார் அப்படி. குதிரை, ஒட்டக வியாபாரத்தில் நடந்த சம்பவங்களிலிருந்துதானே நம் முன்னோர் கொடுக்கல் வாங்கலின் நுணுக்கங்களைக் கற்றார்கள்?

சாதாரணக் கார் ஓடஓட விலை இறங்கும். ஸ்போர்ட்ஸ் காரும் முதலில் சில ஆண்டுகள் இறங்கும். பிறகு சிலவற்றின் விலை நின்றுவிடும். மிகச் சிலவற்றின் விலை ஏறத் தொடங்கும். அந்த மாடலில் எத்தனை கார்கள் செய்யப்பட்டன, இதுவரை எத்தனை மைல் ஓடியிருக்கிறது, முன்னால் யார் யார் வைத்திருந்தார்கள், இப்போதுள்ள எஞ்சின் தொழிற்சாலையில் பொருத்திய அதே எஞ்சின்தானா, பந்தயப் பாதையில் ஓட்டி வதைத்தார்களா என்பவற்றைப் பொறுத்துத்தான் அதன் விலை. இவற்றில் எது ஒன்றாவது கண்ணால் பார்த்ததும் விளங்கக் கூடியதா? விலை முழுவதும் ஏட்டிலும் விற்பவரின் சொல்லிலும்தான் நிற்கிறது. நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கலாம், துணியை விரித்துப் பார்க்கலாம். இந்தக் காரில் வாங்குபவர் பார்ப்பது பளபளப்பை மட்டுமே.

விலை அதிகம் என்பதே பாவம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை 250 ஜி.டி.ஓ. என்ற காரில் 36 மட்டுமே செய்தது. புதிதில் அதன் விலை அமெரிக்காவில் சுமார் 18,000 டாலர். அந்தப் பத்தாண்டின் இறுதியில் அது ஒரு பழைய பந்தயக் கார், அவ்வளவே; புதிய விலைக்கும் குறைவாகவே கைமாறியது. அதே மாடல் கார் ஒன்று 2018-இல் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கும், இன்னொன்று 2023-இல் 5 கோடியே 17 லட்சம் டாலருக்கும் ஏலத்தில் போயின. வாங்கியவரும் விற்றவரும் முழு விவரமும் அறிந்தவர்கள். அத்தனை பணத்தை இரும்பில் போடலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு இஸ்ராஃப் என்ற பெயர் பொருந்தலாம். ஆனால் வியாபாரத்தில் மோசடி இல்லை.

2021-இல் மின்னணுச் சில்லுகள் கிடைக்காமல் புதிய கார் உற்பத்தி குன்றியபோது, அமெரிக்காவில் பழைய கார்களின் விலை அந்த ஜூன் மாதத்துடன் முடிந்த 12 மாதங்களில் 45 சதவீதம் உயர்ந்தது. மதீனாவில் விலைவாசி ஏறியபோது விலையைக் கட்டுப்படுத்தித் தருமாறு மக்கள் வேண்டினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. விலையை ஏற்றுவதும் இறக்குவதும் அல்லாஹ்வின் கையில் உள்ளது, எவருக்கும் அநீதி இழைத்த நிலையில் தாம் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்ற கருத்தை உரைத்தார்கள். பதுக்கலைத் தடுத்தார்கள், ஏமாற்றைத் தடுத்தார்கள். தட்டுப்பாட்டால் தானாக ஏறிய விலையைத் தடுக்கவில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. கண்ணாடிக் கல்லைத் தானே மாணிக்கம் என்று எண்ணி அதிக விலைக்கு வாங்கிவிட்டவருக்கு, அந்த நஷ்டத்தை மட்டும் காரணம் காட்டித் திருப்பித் தரும் உரிமை கிடையாது என்பார்கள். விசாரிக்காமல் வாங்கியது அவர் குறை.

அதே நூல்கள் வேறோர் இடத்தில் கண்டிப்புக் காட்டுகின்றன. தண்ணீரால் சுழலும் மாவு ஆலையை விற்க நினைத்தவர், வாய்க்காலை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி வைத்து, வாங்குபவர் வந்து நிற்கும் நேரத்தில் திறந்து விடுகிறார். ஆலை வேகமாகச் சுழல்கிறது. வாயால் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் வாங்கியவருக்கு வியாபாரத்தை முறிக்கும் உரிமை, அதாவது கியார் உண்டு. பால் கறக்காமல் மடி பெருக்கவிட்டு ஆட்டை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததிலிருந்து எடுத்த சட்டம் இது. பழைய கார் தொழிலில் இந்த ஆலைத் தண்ணீருக்குப் பல பெயர்கள். எஞ்சின் சத்தத்தை அடக்கக் கெட்டியான எண்ணெய் ஊற்றுவது, மோதி நசுங்கிய பகுதியை டிங்கரிங் செய்து அதே நிறத்தில் பூசுவது, மைல் காட்டும் மீட்டரைப் பின்னுக்குத் திருப்புவது. மீட்டரைத் திருப்புவதை அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. மீட்டர் மின்னணுவாக மாறிய பிறகும் அது நின்றபாடில்லை.

இவை செய்கையால் சொல்லும் பொய்கள். மௌனத்தின் கதை இதைவிடச் சிக்கலானது.

ஜெர்மனியின் போர்ஷே 911 காரில் 1990-களின் இறுதியில் வந்த 996 வரிசையை எடுத்துக்கொள்வோம். தண்ணீரால் குளிரும் புதிய எஞ்சின் அதில் வந்தது. எஞ்சினுக்குள் இடைத் தண்டு ஒன்றைத் தாங்கும் சிறிய பேரிங் ஒன்று உண்டு. அது தேய்ந்து உடைந்தால் எஞ்சின் முழுவதுமே பாழ். எல்லாக் கார்களிலும் உடையவில்லை. ஒரு பகுதியில்தான் உடைந்தது. அதே வரிசையின் டர்போ, ஜி.டி.3 வகைகளில் வேறு எஞ்சின் என்பதால் அவற்றுக்கு இந்த வியாதி இல்லை. ஆனால் எந்தக் காரில் உடையும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது. கியர் பாக்ஸையும் கிளட்சையும் கழற்றினால்தான் அந்த இடமே தெரியும். அமெரிக்காவில் வாங்கியவர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு வரை விஷயம் போய்ச் சமரசத்தில் முடிந்தது. இந்த அச்சத்தால் அந்த வரிசையின் விலை, முன்னும் பின்னும் வந்த 911 கார்களின் விலைக்கு வெகு கீழே பல ஆண்டுகள் கிடந்தது.

இப்போது டீலரின் பட்டறையைப் பாருங்கள். மெக்கானிக் எண்ணெய் மாற்றும்போது வடிகட்டியை அறுத்துப் பார்க்கிறார். உள்ளே உலோகத் துகள்கள் மின்னுகின்றன. பேரிங் தேயத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். முதலாளியிடம் சொல்கிறார். முதலாளி புது வடிகட்டி, புது எண்ணெய் போடச் சொல்லி, காரைத் துடைத்து, 'உள்ளது உள்ளபடி' தாளை ஒட்டி முன்வரிசையில் நிறுத்துகிறார்.

வாஸிலா பின் அஸ்கஃ (ரலி) அவர்களின் சம்பவத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒருவர் 300 திர்ஹத்துக்கு ஒட்டகம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அந்தச் சஹாபி பின்னாலேயே விரைந்து சென்று, இதை இறைச்சிக்கு வாங்கினீரா, பயணத்துக்கு வாங்கினீரா என்று கேட்டார்கள். பயணத்துக்கு என்றார் அவர். அப்படியானால் இதன் குளம்பில் ஓர் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று எடுத்துரைத்தார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைக்க வேண்டியதாயிற்று. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் நொந்துகொண்டார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகத்திடம் வாக்களித்திருக்கிறோம் என்பது அன்னாரின் பதில். ஒட்டகம் அவர்களுடையதும் அல்ல, இலாபத்தில் பங்கும் இல்லை. கண்ணில் பட்ட குறையைச் சொல்லாமலிருக்க மனம் இடம் தரவில்லை. உரிமையாளரின் கடமையைச் சொல்லவும் வேண்டுமா? வாங்க வருபவர் பிற மதத்தவராக இருந்தால் சொல்ல வேண்டாமா என்று கேட்போரும் உண்டு. ஏமாற்று எவரிடம் செய்தாலும் ஏமாற்றுத்தான்.

அந்தக் கேள்வியையும் கவனியுங்கள்: இறைச்சிக்கா, பயணத்துக்கா? ஓட்டைக் குளம்பு இறைச்சிக்கு வாங்குபவருக்குக் குறையே அல்ல. அதுபோல், கண்காட்சியில் நிறுத்தி அழகு பார்க்க வாங்குபவருக்குப் பேரிங் பெரிய விஷயமில்லை. ஓட்ட வாங்குபவருக்கு அதுவே எல்லாம். எதைச் சொல்ல வேண்டும் என்பதை அறிய, எதற்கு வாங்குகிறீர்கள் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. நல்ல வியாபாரிகள் இதைக் கேட்கவே செய்கிறார்கள்.

சரி, எந்தக் குறைக்கும் பொறுப்பல்ல என்று முன்கூட்டியே நிபந்தனை போட்டு விற்றால்? இது அமெரிக்கர் கண்டுபிடித்த புதுமை அல்ல. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இதே வழக்கு வருகிறது. அடிமை முறை நடப்பிலிருந்த காலம். அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) அவர்கள், குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையுடன் ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர், இவனுக்கு ஒரு நோய் உண்டு, எனக்குச் சொல்லவில்லை என்று முறையிட்டார். வழக்கு கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் போனது. நிபந்தனை போட்டாயிற்றே என்று கலீஃபா வழக்கைத் தள்ளிவிடவில்லை. விற்றபோது அந்த நோய் தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யும்படி தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பிறகு அவன் அவர்களிடமே குணமடைந்தான். 1,500 திர்ஹத்துக்கு விலை போனான்.

ஆக, நிபந்தனை என்ன எழுதப்பட்டது என்பதோடு கலீஃபாவின் விசாரணை நிற்கவில்லை. உமக்குத் தெரியுமா, தெரியாதா என்று கேட்டது. 1981-இல் வாஷிங்டனில் எழுதப்பட்டு 1984-இல் நீக்கப்பட்டதும் இந்தக் கேள்விதான். மத்ஹபுகளுக்கிடையே இதில் வேறுபாடு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபில் இத்தகைய நிபந்தனை, உயிருள்ள பிராணியில் விற்பவர் அறியாத உட்குறைக்கு மட்டுமே காப்பாகும், மற்றவற்றுக்கு ஆகாது. ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை எல்லாக் குறைகளுக்கும் செல்லும். காஸி காரைத் திருப்பச் சொல்ல மாட்டார். ஆனால் காஸி திருப்பச் சொல்லாததும், தெரிந்து மறைத்த பாவம் நீங்கியதும் ஒன்றல்ல. ஹனஃபி அறிஞர்களும் மறைப்பதைக் கூடும் என்று சொல்லவில்லை.

இதைக் கேள்விப்படும் கெட்டிக்காரர் ஒருவர், அப்படியானால் தெரியாமலே இருந்துவிடுகிறேன் என்பார். உண்மையில் அப்படித்தான் நடக்கிறது. போர்ஷே கார்களின் கணினி, எஞ்சின் எல்லை மீறி எத்தனை முறை சுழன்றது என்ற கணக்கைப் படிப்படியாகப் பிரித்துச் சேமித்து வைத்திருக்கிறது. உரிய கருவியைச் செருகினால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கம்பெனியின் உத்தரவாதத்தோடு விற்க விரும்பும் டீலர் அதைப் படித்தே ஆகவேண்டும். 'உள்ளது உள்ளபடி' விற்பவர் கருவியைச் செருகாமலே விட்டுவிடலாம். வடிகட்டியை அறுக்காதே என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடலாம். பிறகு, தெரியாது என்று சத்தியமே செய்யலாம். சொற்கள் உண்மையாகவும் இருக்கும். என் கருத்து, இது தெரிந்து மறைப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல. விலையைக் கணிக்கும்போது மட்டும், இதில் ஏதோ இருக்கக்கூடும் என்று எண்ணிக் குறைத்து வாங்கியவர், விற்கும்போது எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். அவர் கொடுத்த குறைந்த விலையே அவர் அறிவுக்குச் சாட்சி.

இந்த மௌனத்தால் நஷ்டப்படுவது வாங்குபவர் மட்டுமல்ல. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் பழைய கார்ச் சந்தையையே உதாரணமாக்கினார். நல்ல காரையும் கெட்ட காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது, அவர் இரண்டுக்கும் நடுவான ஒரு விலையைத்தான் தருவார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார், ஒதுங்கிக்கொள்வார். சந்தையில் கெட்டவை மிகும். அதை அறிந்து விலை இன்னும் இறங்கும். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய இந்தக் கட்டுரைக்காகவே 2001-இல் அவருக்கு, வேறு இருவருடன் சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது. அந்த 996 கார்களை மறுபடி நினைத்துப் பாருங்கள். கைக்காசு போட்டுப் பேரிங்கை மாற்றி, ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கும் நேர்மையானவரின் காருக்கும் சேர்த்துத்தான் விலை விழுந்தது. முகம் தெரியாத ஒரு டீலரின் மௌனம் இன்னொரு ஊரில் இருப்பவரின் பையிலிருந்து எடுக்கிறது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

விற்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். டீலர் வாங்கும் பக்கம் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

லாஸ் ஏஞ்சல்ஸில் கெல்லி என்ற கார் வியாபாரி 1926-இல் பழைய கார்களின் விலைப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார்; 'நீலப் புத்தகம்' என்று இன்றும் வழங்குகிறது. 1993 வரை அது டீலர்களுக்கும் வங்கிகளுக்கும்தான். அந்த ஆண்டில்தான் பொதுமக்களுக்கென முதல் பதிப்பு வந்தது. எழுபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலம், காரைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்க வந்தவருக்குத் தம் காரின் விலை தெரியாது. எதிரே நிற்பவரின் மேசைக்குள் அது அச்சாகிக் கிடந்தது. சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே போய் மறித்து வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததும், சந்தைக்கு வந்து விலை அறிந்த பின் விற்றவருக்கு முறிக்கும் உரிமை தந்ததும் இதற்காகத்தானே! இன்று யாரும் கைபேசியில் விலை பார்த்துக்கொள்ளலாம் என்றாலும், அபூர்வமான ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை பட்டியலில் அடங்குவதில்லை. கணவர் மௌத்தான பின் கொட்டகையில் தூசி படிந்து நிற்கும் காரை விற்க முன்வரும் பெண்ணுக்கு, அது நூற்றில் ஒன்றா ஆயிரத்தில் ஒன்றா என்று தெரியாது. வந்து பார்க்கும் டீலருக்குத் தெரியும்.

ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களின் ஆள் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி, விற்பவரையும் அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி) அவர்கள், உமது குதிரை இதைவிட மதிப்புள்ளது, 400-க்குத் தருகிறீரா என்றார்கள். அவர் சரி என்றார். இதைவிடவும் மதிப்புள்ளது என்று சொல்லி நூறு நூறாகத் தாமே ஏற்றிக்கொண்டு போய் 800 திர்ஹத்துக்கு வாங்கினார்கள். கேட்டவர்களிடம் அவர்களும் அந்த வாக்குறுதியையே காரணம் காட்டினார்கள்.

இதைச் சொன்னால், அப்புறம் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான் என்று வியாபாரிகள் சிரிப்பார்கள். ஜரீர் (ரலி) அவர்கள் செய்தது இஹ்ஸான். எல்லோர் மீதும் சட்டமாக அது விதிக்கப்படவில்லை. வாங்கிய காரைப் பழுது பார்க்கவும், நிறுத்தி வைக்கவும், மாதக்கணக்கில் விலை போகாமல் கிடக்கும் அபாயத்துக்கும் இலாபம் வைக்க டீலருக்கு உரிமை உண்டு. கடன் வாங்கிக் காரை நிறுத்தி அதற்கு வட்டி கட்டுவது தனிப் பேச்சு. பேரம் பேசி விற்கும்போது, தாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பதை அவர் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால், ஏலத்தில் இவ்வளவுக்கு எடுத்தேன், உங்களுக்காக இவ்வளவுதான் மேலே வைக்கிறேன் என்று அவராகவே வாய் திறந்துவிட்டால், ஃபிக்ஹு நூல்களின்படி அது முராபஹா ஆகிவிடுகிறது. அதன் பிறகு அந்த அடக்க விலையில் ஒரு டாலர் கூட்டிச் சொன்னாலும் கியானத். அந்தக் கூடுதலைக் கழித்துக்கொள்ளவோ, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவோ வாங்கியவருக்கு வழி உண்டு என்பதை மத்ஹபுகள் தத்தம் முறையில் ஒப்புக்கொள்கின்றன. கண்ணாடியில் எந்தத் தாள் ஒட்டியிருந்தாலும் சரி.